சித்துவாயேன் காளத்தி ஆசாரி

அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் ஐயா. எல்லாரும் சமம், எல்லாரும் அண்ணன் தம்பி, ராசாவே இல்லாத ராச்சியம்... வேண்டாம். கப்பல்ல மாசக்கணக்குல வந்தேன், ஒரு நாள் வாந்தி எடுத்ததில்லை. தரங்கம்பாடியில கால் வச்சு, இந்தச் சுங்கச்சாவடி வாசல்ல வந்து உக்காந்து, நீங்க அந்த வார்த்தையைச் சொன்னீங்க பாருங்க, இப்ப வருது.

கோவிச்சுக்காதீங்க. நீங்க புதுச்சேரியில எழுத்து வேலை பார்த்தவர். இங்கிலீசுக்காரன் ஊரைப் பிடிச்சதும் வேலை போச்சுன்னு சொன்னீங்க. பிரஞ்சுக்காரன் காயிதத்தையெல்லாம் படிச்சுப் படிச்சு அதுல ஒரு ஆசை வந்திருக்கும். இருக்கட்டும். நான் காயிதத்துல படிச்சவன் இல்லை. கண்ணால பார்த்தவன். பன்னெண்டு வருசம் மசுக்கரைத் தீவுல இருந்தேன். மோரீசுன்னும் சொல்றாங்களே, அதேதான். அந்தத் துறைமுகப் பட்டறையில தலைமைத் தச்சன். காளத்தி ஆசாரி வீடு எதுன்னு கேட்டா வெள்ளைக்காரப் பிள்ளைகூட வழி காட்டும்.

என் பெட்டியை இன்னும் குடைஞ்சுக்கிட்டிருக்கான் அந்தத் தென்மார்க்குச் சுங்கக்காரன். குடையட்டும். நமக்கு நேரம் இருக்கு. கேளுங்க.

எங்க பட்டறைக்கு மேலதிகாரி முசே தெலவால்னு ஒருத்தர். ராசாவோட பண்டகசாலை அவர் கையில. ராசா பேரைச் சொன்னா தொப்பியைக் கழட்டுவார். தனியா இருந்தாலும் கழட்டுவார், நானே பார்த்திருக்கேன். நியாயசபை வாசல் நிலைக்கு மேல ராசாவோட முத்திரை வைக்கணும்னு உத்தரவு போட்டார். முத்திரைன்னா பூ. மூணு இதழ் உள்ள ஒரு பூ, அதுதான் அந்த வம்சத்துக்கு அடையாளம். கருங்காலியில செதுக்கினேன் ஐயா. நாப்பது நாள். இதழ் மேல விரலை வச்சா ஈரமா இருக்கிற மாதிரி இருக்கும். முசே வந்து பார்த்து, "காளத்தி, ராசா இதைப் பார்க்கணும்"னார். அவர் கண்ணுல தண்ணி. நெசமாவே தண்ணி.

அடுத்த தை மாசம் ஒரு கப்பல் வந்துச்சு. கப்பல்காரன் தொப்பியில மூணு நெறத்துல நாடா. பாரிசுல சனம் கெளம்பிடுச்சாம். கோட்டையை இடிச்சுட்டாங்களாம். பொம்பளைங்க போயி ராசாவை அரமனையிலேர்ந்து ஊருக்குள்ள இழுத்துக்கிட்டு வந்துட்டாங்களாம், ரொட்டி இல்லைன்னு. எங்க முசே அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டார். ரெண்டு நாள் வெளியில வரலை. மூணாம் நாள் வந்தார். தொப்பியில மூணு நெற நாடா. அந்த ஊர்லயே பெரிய நாடா அவருதுதான்.

நான் அப்பவே காறித் துப்பியிருக்கணும். துப்பலை. எனக்கும் ஆசை ஐயா. உண்மையைச் சொல்றேன். பொறப்புல யாரும் ஒசந்தவன் இல்லை, யாரும் தாழ்ந்தவன் இல்லைன்னு மாதா கோயில் வாசல்ல நின்னு ஒருத்தன் படிச்சான். எனக்குப் பிரஞ்சு நல்லா வரும். கேட்டுக்கிட்டே நின்னேன். மயிர்க்கால் சிலிர்த்துச்சு. நம்மளைத்தான் சொல்றான்னு நெனச்சேன்.

அப்புறம் சபை கூட்டினாங்க. ஊரை இனிமே ஊர்க்காரங்களே ஆளணுமாம். சபைக்குப் பெஞ்சு வேணும். யார் செய்யறது? நான்தான். ஒரே மாதிரி எம்பது பெஞ்சு. மரம் அறுத்து மாளலை.

அறுக்கறதுக்கு எங்கிட்ட ஒரு ஆள் இருந்தான். சடையன்னு பேரு. நம்ம பக்கத்து ஆளுதான், திருநள்ளாறு பக்கம். பஞ்ச காலத்துல அரிசி மூட்டை தூக்கக் கூலி தர்றேன்னு எவனோ கூட்டிக்கிட்டுப் போயி, மூட்டையோட மூட்டையா அவனையும் கப்பல்ல ஏத்திட்டான். அங்க கரையில வச்சு வித்தாங்க. நான் வாங்கினேன். அப்படிப் பார்க்காதீங்க ஐயா. நான் வாங்கலைன்னா கரும்புக்காட்டுக்காரன் வாங்கியிருப்பான். அங்க போனவன் மூணு வருசம் தாங்க மாட்டான். எங்கிட்ட ஒம்பது வருசம் இருந்தான். வயித்துக்குக் குறை வச்சதில்லை. ரெண்டே ரெண்டு தடவைதான் அடிச்சிருக்கேன், ரெண்டும் அவன் தப்பு.

மரம் அறுக்கிற குழி பார்த்திருக்கீங்களா? ஆளுயரக் குழிக்கு மேல மரத்தைக் கிடத்தி, மேல ஒருத்தன், குழிக்குள்ள ஒருத்தன், அறுக்கிற வாளை இழுக்கணும். மேல நிக்கிறவன் கோடு பார்த்துப் போவான், அது நான். கீழ நிக்கிறவன் மேல தூள் விழும். கண்ணு, மூக்கு, வாயி, எல்லாம் தூளு. அது சடையன். வேலைன்னா அப்படித்தான், ஒருத்தன் மேல நின்னாதான் ஆகும். அவன் கீழேர்ந்து கேப்பான், "ஆண்டே, இந்தப் பெஞ்சுல யாரு ஒக்காருவா?" எல்லாரும்னு சொல்லுவேன். "எல்லாரும்னா?" "வாளை இழுடா"ன்னுவேன்.

பெஞ்சு முடிஞ்சுது. நம்ம ஆளுங்க, கொத்தனார், கொல்லன், தையக்காரன், நகைக்கடைக்காரர், யாருக்கும் அடிமையில்லாத தமிழாளுங்க பதினோரு பேர் சேர்ந்து சபைக்குப் போனோம். நல்ல அங்கி போட்டுக்கிட்டு. எங்களையும் சேர்த்துக்கோங்கன்னு கேக்க. வாசல்லயே முசே தெலவால் நின்னார்.

"என்ன காளத்தி?"

"சபைக்கு வந்திருக்கோம் முசே. எல்லாரும் சமம்னு படிச்சாங்களே."

சிரிக்கலை அவர். சிரிச்சிருந்தாகூடப் பரவாயில்லை. ரொம்ப அன்பா என் தோள்ல கை வச்சு, "உங்க விசயத்தைத் தனியா ஒரு குழு யோசிக்கும். ஆமா, மூணாவது வரிசைப் பெஞ்சு ஒண்ணு ஆடுது. நாளைக்கு உளி எடுத்துக்கிட்டு வா"ன்னார். அடுத்த நாள் போனேன். உளியோட போனா உள்ள விட்டாங்க. நான் செஞ்ச பெஞ்சுக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் காலை இறுக்கினேன். மேல உக்காந்து ஒருத்தன் சுதந்திரத்தைப் பத்திப் பேசுறான். அவன் செருப்புச் சேறு என் நெஞ்சு மேல.

அசிங்கம் ஐயா. நான் பொறுத்துக்கிட்டேன். இருந்தாலும் அசிங்கம்.

அப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சேதி. ராசா ஓடப் பார்த்தார், பிடிச்சாங்க. ராசாவைச் சிறையில வச்சாங்க. கடைசியா ஒரு கப்பல், ராசா தலையை வெட்டிட்டாங்க. அந்தச் சேதி எங்களுக்கு வர்றதுக்குள்ள அந்தத் தலை மண்ணாயிருக்கும். முசே தெலவால் பட்டறைக்கு ஆள் விட்டார். "அந்தப் பூவை எடு." நியாயசபை வாசல் பூவை. நாப்பது நாள் செதுக்கினதை ஒரு பகல்ல சீவித் தள்ளினேன். கீழ நின்னு கைதட்டினது யாருங்கறீங்க? அவரேதான். கண்ணுல தண்ணி விட்ட அதே ஆளு.

அத்தோட விட்டாங்களா? பாரிசுல இருக்கிற மாதிரி தலை வெட்டுற இயந்திரம் இங்கயும் வேணும்னாங்க. படம் போட்ட காயிதம் ஒண்ணு குடுத்தாங்க. ரெண்டு தூண், நடுவுல பள்ளம், பள்ளத்துல கத்தி எறங்கணும். நான் செய்ய மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா வேலைன்னு வந்துட்டா எனக்குக் கை நிக்காது. பள்ளத்தை இழைப்புளி போட்டு இழைச்சு, சோப்புத் தடவி, கத்தியை விட்டா காத்து மாதிரி எறங்கும். தூக்கி நிறுத்தும்போது சடையன் கேட்டான்.

"ஆண்டே, ராசாவை வெட்டுனது இதா?"

"இது மாதிரி ஒண்ணு."

கத்தியை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப அவருக்கும் நம்ம மாதிரி கழுத்துதான்"ன்னான்.

வாயை மூடுன்னேன். பின்ன? யாராவது கேட்டிருந்தா?

ராசா கட்சின்னு சொல்லிக் கொஞ்சம் வெள்ளைக்காரங்களைப் பிடிச்சு அடைச்சு வச்சிருந்தாங்க. அவங்களை வெட்டத்தான் இயந்திரம். நாள் குறிச்சாங்க. ஊரே வந்து நின்னுச்சு, சீமாட்டிங்க குடை பிடிச்சுக்கிட்டு. கடைசி நேரத்துல பார்த்தா, உள்ள இருக்கிறவன் ஒருத்தன் நீதிபதிக்கு மச்சான், இன்னொருத்தன் முசேவுக்குச் சம்பந்தி வழி. எப்படி வெட்டுவான்? கூடின கூட்டம் சும்மா போகுமா? ஒரு ஆட்டைக் கொண்டு வந்து மாட்டினாங்க. ஆட்டை ஐயா! குடியரசு வாழ்கன்னு கத்தி, ஒரு வெள்ளாட்டங்கடாவோட கழுத்தை வெட்டினாங்க. ஒரே வீச்சு. என் வேலையில பிசிறு இல்லை. கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாச்சு. அப்புறம் அந்த ஆட்டை ராணுவக்காரங்க சமைச்சுத் தின்னாங்க. அவ்வளவுதான் அந்த இயந்திரத்தோட கதை. பிரிச்சு மூலையில போட்டாச்சு. அதுக்குள்ள பாரிசுல வெட்டினவன் தலையை வேறொருத்தன் வெட்டிட்டானாம், அவன் தலையை இன்னொருத்தன். கேக்கக் கேக்க எனக்குச் சோறு எறங்காது.

இனிமேதான் விசயம். நீங்க தண்ணி குடிக்கணும்னா குடிச்சுக்கோங்க.

போன வருசம் பாரிசுலேர்ந்து ரெண்டு அதிகாரிங்க வந்தாங்க. பட்டாளத்தோட வந்தாங்க, தொப்பியில பெரிய பெரிய செவப்பு எறகு. கையில ஒரு காயிதம். என்ன காயிதம்? பிரஞ்சுக் கொடி பறக்கிற எடத்துல இனிமே அடிமைன்னு ஒருத்தன் கிடையாது. அங்க சட்டம் போட்டு ரெண்டு வருசம் ஆச்சாம், எங்க ஊர்ச் சபைதான் காதுல வாங்காத மாதிரி இருந்துச்சு. இப்ப ஆளே வந்துட்டான்.

ஊர் கொதிச்சுப் போச்சு. சமம் சமம்னு ஆறு வருசம் கத்தின வாயெல்லாம் ஒரே பகல்ல மாறிப்போச்சு. முசே தெலவால் அன்னிக்கு என் பட்டறைக்கு நடந்து வந்தார். வண்டியில இல்லை, நடந்து. என் பலகை மேல, என் பக்கத்துல உக்காந்தார்.

"சித்துவாயேன் காளத்தி"ன்னார்.

சித்துவாயேன்னா உங்களுக்குத் தெரியும். ஊர்ல உரிமை உள்ள குடிமகன். முசே கிசேங்கற மரியாதைப் பட்டமெல்லாம் ஒழிச்சுட்டு அவங்க ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிட்டுக்குவாங்க. ஆறு வருசத்துல என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"உங்கிட்டயும் ஒருத்தன் இருக்கான்ல?"

"இருக்கான்."

"நாளைக்கு அவன் உன் குழியில எறங்க மாட்டான். உன் கழுத்துலதான் ஏறுவான். நீ எங்க பக்கமா, அவனுங்க பக்கமா?"

சடையன் அப்ப குழிக்குள்ளதான் இருந்தான். நான் மேலேர்ந்து எறங்கினதுல வாள் நின்னு போயிருந்துச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்னு நெனைக்கிறேன். அவனுக்கும் பிரஞ்சு வரும்.

போனேன் ஐயா. மரம் செதுக்குற வாய்ச்சியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனேன். ஊரே தெருவுல. துப்பாக்கி, வாள், கழி. என் ரெண்டு பக்கமும் வெள்ளைக்காரன். தோளும் தோளும் உரசுது. அதிகாரிங்க ரெண்டு பேரையும் தள்ளி, நெருக்கி, கப்பல்ல ஏத்தினோம். அந்தக் காயிதத்தோட. கூட வந்த பட்டாளம் ஒரு குண்டு சுடலை. பாய் விரிஞ்சு கப்பல் நகர்ந்ததும் எழும்புச்சு பாருங்க ஒரு சத்தம்! முசே தெலவால் ஒரு கிண்ணத்துல சாராயம் குடிச்சார். பாதி குடிச்சுட்டு, அதே கிண்ணத்தை எங்கிட்ட நீட்டினார். "குடி, சித்துவாயேன்."

அவர் வாய் வச்ச எடத்துலயே வாய் வச்சுக் குடிச்சேன். பொய் சொல்லக் கூடாது. அன்னிக்கு ஒரு நாள் அந்தச் சொல் எனக்கு இனிச்சுது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சடையன் அடுப்படியில இருந்தான்.

"ஆண்டே, அந்தக் கப்பலு போயிடிச்சா?"

"போயிடுச்சு."

"காயிதமும் போயிடிச்சா?"

"காயிதமும் போயிடுச்சு."

சோத்தைப் போட்டான். தண்ணி வச்சான். அப்புறம் கேட்டான், "நீங்களும் கூடப் போயிருந்தீங்களா?"

ஊரே போயிருந்துச்சுடான்னேன். நான் சாப்பிட்டேன்.

விடிஞ்சு எழுந்து பார்த்தா ஆள் இல்லை. குழிக்குள்ள எட்டிப் பார்த்தேன். தூளையெல்லாம் கூட்டி அள்ளிட்டு, வாளுக்கு எண்ணெய் போட்டுச் சுவத்துல சாத்திட்டுப் போயிருக்கான். ஒம்பது வருசம் என் சோத்தைத் தின்னவன். ஒரு வார்த்தை சொல்லலை. நன்றி கெட்டவன்.

அந்த வாரமே சபைக்குப் போனேன். இப்ப நானும் சித்துவாயேனாச்சே. வாசல்ல நின்னவன் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "உளி எங்கே?"ன்னான். முசே தெலவாலைக் கூப்பிடுன்னேன். உள்ள போயிட்டு வந்தான். அவருக்கு வேலை இருக்காம். பெஞ்சு எதுவும் இப்ப ஆடலையாம்.

நன்றி கெட்டவனுங்க.

ஓடினவனைப் பத்தி எழுதிக் குடுத்தேன். குடுக்கணும், அங்க அதுதான் வழக்கம், எல்லாரும் குடுப்பாங்க. சடையன், நடுத்தர உயரம், இடது காதுல வடு, முன்பல்லுல சந்து. வலது கட்டைவிரல் நகம் கறுத்துக் கோணலா இருக்கும், அதை மட்டும் சொல்லலை. ஆப்பைப் பிடிச்சுக்கடான்னுட்டு நான் கொட்டாப்புளியை ஓங்கினதுல நசுங்கினது அது. அதையெல்லாம் எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?

ரெண்டு மாசம் கழிச்சு, நல்ல உச்சி வேளை. பட்டறையில எல்லாரும் இருக்காங்க. முசே தெலவால் வந்தார், கூட ஒரு ஆளு. மலைக்காட்டுல ஒளிஞ்சவங்களை வேட்டையாடுறதே அவனுக்குத் தொழில். சுட்டா பொணத்தைத் தூக்கிக்கிட்டு வர மாட்டானுங்க. மலை எறங்கணுமே, பாரம். வலது கையை மட்டும் வெட்டிக்கிட்டு வருவானுங்க, அடையாளத்துக்கு. சொந்தக்காரன் பார்த்து என் ஆளுதான்னு சொன்னாத்தான் அவனுங்களுக்குப் பணம்.

என் பலகை மேல வாழை இலைப் பொட்டலம் ஒண்ணை வச்சுப் பிரிச்சான். உப்புப் போட்டு வச்சிருந்தான்.

பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு ஐயா. அந்த நகம்.

"சித்துவாயேன் காளத்தி, உன் ஆளுதானே?"ன்னார் முசே. மறுபடியும் சித்துவாயேன். சிரிச்ச முகம். "சொல்லு. பதிஞ்சு முடிச்சுடலாம்." சொல்லிக்கிட்டே எனக்குக் கை குடுக்கறதுக்குத் தன் கையை நீட்டினார். வெள்ளைக்காரங்க அப்படிச் செய்வாங்க, ஒரு காரியம் முடிஞ்சுதுன்னா. இந்தப் பக்கம் பலகையில அது கெடக்கு. அந்தப் பக்கம் இவர் கை நீண்டிருக்கு. மோதிரம் போட்ட கை.

என் கையை நான் நீட்டலை.

"இல்லை"ன்னேன்.

"நல்லாப் பாரு."

"இது எங்காளு இல்லை. எங்காளு கையை எனக்குத் தெரியாதா?"

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்கறீங்க. தெரியலை. அவர் கையைத் தொடப் பிடிக்கலை, அவ்வளவுதான். அவனுங்க மேல அவ்வளவு வெறுப்பு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தக் கேடு கெட்ட ஊர்ல இனிமே இருக்கறதில்லைன்னு. ஊரு அது, மனுசன் இருக்கிற எடமா அது? வாய்க்கு வாய் சமம்னு சொல்லிக்கிட்டு...

இல்லை, அதைக் கேக்கலையா நீங்க? அந்தக் கையா?

கட்டி எடுத்துக்கிட்டுப் போனான். என் ஆளு இல்லைன்னா வேற எவனோ ஒருத்தன் ஆளா இருக்கணுமே. அடுத்த வீட்டுல போயிக் கதவைத் தட்டினான். அவங்க வெளியில வந்து பார்த்தாங்க, இல்லைன்னாங்க. அதுக்கு அடுத்த வீடு. அப்படியே தெரு நெடுக, வீடு வீடா பிரிச்சுக் காட்டிக்கிட்டே போனான். தெரு முனை திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னு பார்த்தேன்.

என் ஆளுதான்னு சொல்லியிருந்தா, புதைக்கறதுக்காவது எங்கிட்டக் குடுத்திருப்பான். அது அப்பத் தோணலை ஐயா. கப்பல் ஏறி, கரை மறைஞ்சு, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் தோணுச்சு.